ரினாத் தசாயெவை வான் பாஸ்டன் கோலை வைத்து மதிப்பிடுவது சரியா?

நடுக்களம் எழுதியது:

1988 யூரோ கோப்பை இறுதிப்போட்டியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் சோவியத் அணிக்கு எதிராக, பந்து தரையைத் தொடும் முன்பே அடித்த அந்த வாலி கோலைக் காட்டுகிறார்கள். பந்து தலைக்கு மேலே கடந்து வலைக்குள் போவதைத் தடுக்க முடியாமல் நிற்கும் சோவியத் கோல்கீப்பரும் அந்தக் காட்சியில் இருக்கிறார். அவர் பெயர் ரினாத் தசாயெவ் என்பது இன்றைய ரசிகர்கள் பலருக்குத் தெரியாது; தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் "அந்தக் கோலை வாங்கியவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சோவியத் ஒன்றியத்துக்காக 91 ஆட்டங்கள் ஆடி, 1982, 1986, 1990 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் கோல் காத்து, 1988ஆம் ஆண்டில் உலகின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வான ஒருவரை இப்படி ஒரே ஒரு நொடிக்குள் அடக்குவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. அதை இங்கே வாதிடவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வோல்கா நதி கடலோடு சேரும் பகுதியிலுள்ள அஸ்த்ரகான் நகரில், 1957 ஜூன் 13 அன்று, ஒரு தாத்தார் குடும்பத்தில் பிறந்தவர் தசாயெவ். உள்ளூர்க் கிளப்பான வோல்காரில் தொடங்கி, 1977இன் இறுதியில் ஸ்பார்தக் மாஸ்கோவுக்கு வந்தார். அவர் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்பார்தக் 1976இல் முதல்நிலை லீகிலிருந்து கீழே தள்ளப்பட்டு, கொன்ஸ்தாந்தின் பெஸ்கோவின் பயிற்சியில் மறுபடியும் மேலே ஏறியிருந்த காலம் அது. 1979இல் அந்த அணி சோவியத் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் தசாயெவ் தேசிய அணிக்குள் நுழைந்தார். அதன் பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்த இடத்தை அவரிடமிருந்து வேறு எவராலும் நிலையாகப் பறிக்க முடியவில்லை.

என் வாதத்தின் மையம் இதுதான். அன்றைய சோவியத் கால்பந்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பள்ளிகள் இருந்தன. குறும் பாஸ்களும் சமயோசிதமும் கலந்த பெஸ்கோவின் ஸ்பார்தக் ஒன்று. உடல்திறன், நெருக்கும் ஆட்டம், அளந்து வகுத்த நகர்வுகள் ஆகியவற்றால் அமைந்த வலேரி லோபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ் மற்றொன்று. இவ்விரு முகாம்களும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டது அரிது. ஆனால் தேசிய அணி என்று வந்தபோது இரண்டு முகாமும் கோல்கம்பத்துக்கு நடுவே ஒரே மனிதரைத்தான் நிறுத்தின.

பெனால்டிபெட்டி எழுதியது:

நீங்கள் சொல்வதில் அவருடைய பெருமை தெரிகிறது. ஆனால் என் ஐயம் தீரவில்லை. ஒரு கோல்கீப்பரை லீக் ஆட்டங்களை வைத்து மட்டும் எடைபோட முடியாது. பெரிய ஆட்டங்கள் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். 1986 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் லியோன் நகரில் பெல்ஜியத்துக்கு எதிராக நான்கு கோல்கள் விழுந்தன. 1988இல் மூனிக்கில் நடந்த யூரோ இறுதிப்போட்டியில் இரண்டு கோல்கள் விழுந்தன. அவற்றில் இரண்டாவதான வான் பாஸ்டன் கோலின்போது அவர் கோல்கோட்டிலிருந்து முன்னே வந்து நின்றிருந்தார். 1990 உலகக் கோப்பையில் இத்தாலியின் பாரி நகரில் ருமேனியாவிடம் 0–2 என்று தோற்ற ஆட்டத்தோடு அவருடைய தேசிய வாழ்க்கையே முடிந்தது. திறமையில் குறையில்லாதவர் என்றாலும், அணி அவரை மிகவும் நம்பியிருந்த நாட்களில் அவர் அணியைத் தாங்கிப் பிடித்தார் என்று சொல்ல முடியுமா? முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற சோவியத் கோல்கீப்பர் யாஷினோடு அவரை ஒப்பிடுபவர்களிடமும் நான் இதே கேள்வியைத்தான் கேட்பேன்.

வலைக்காவலன் எழுதியது:

நான் இளம் வயதினருக்குக் கோல்கீப்பிங் பயிற்சி அளிப்பவன். ஆகவே மூனிக் கோலைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நடுக்களத்தில் நெதர்லாந்தின் வான் டிக்கெலன் பந்தைப் பறித்து இடப்புறமிருந்த ஆர்னோல்ட் மூரனுக்குத் தருகிறார். 37 வயதான மூரன், பந்தை நிறுத்தாமல், எதிர்ப்புறம் பெட்டியின் வலது ஓரத்துக்கு மிக உயரமாகத் தூக்கி அனுப்புகிறார். அந்தப் பந்து கீழிறங்க நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் ஒரு கோல்கீப்பர் என்ன கணக்குப் போடுவார்? வான் பாஸ்டன் நிற்கும் கோணம் மிகக் குறுகியது. அவர் பந்தை நிறுத்தி உள்ளே வெட்டலாம். நடுவே ஓடிவரும் சகவீரருக்குத் திருப்பித் தரலாம். அருகிலுள்ள கம்பத்தை நோக்கி அடிக்கலாம். இந்த மூன்றுக்கும் சரியான பதில், கோட்டிலிருந்து ஓரிரு எட்டு முன்னே வந்து கோணத்தை இன்னும் குறுக்குவதுதான். தசாயெவ் அதைத்தான் செய்தார். நான்காவது வழி, அந்தக் கோணத்திலிருந்து நிறுத்தாமலேயே அடித்து, கோல்கீப்பரின் தலையைத் தாண்டியதும் தூரத்துக் கம்பத்துக்குள் பந்து தாழும்படி செய்வது. நூறு முறை முயன்றாலும் பெரும்பாலும் அது கம்பத்துக்கு மேலேயோ வெளியேயோ போகும். என் மாணவர்கள் அந்த இடத்தில் கோட்டோடு ஒட்டி நின்றால் அதைத் தவறு என்று நான் திருத்துவேன். தசாயெவ் நின்ற இடத்தில் நின்றால் திருத்த மாட்டேன்.

முதல் கோலுக்கும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. கார்னர் ஒருமுறை வெளியே தள்ளப்பட்டதும் சோவியத் தடுப்பு வரிசை ஆஃப்சைடுக்காக முன்னே ஓடியது; பந்து மறுபடி உள்ளே வந்தபோது வான் பாஸ்டன் அதைத் தலையால் குறுக்கே தட்ட, தடுக்க ஆளின்றி நின்ற குல்லிட் மிக அருகிலிருந்து பலமாகத் தலையால் அடித்தார். அன்று சோவியத் தடுப்பின் தூணான ஓலெக் குஸ்னெத்சோவ் தடை காரணமாக ஆடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. மறுபுறம், சோவியத் முன்கள வீரர் பெலானோவின் ஒரு முயற்சி கம்பத்தில் பட்டது. அவருடைய பெனால்டியை நெதர்லாந்து கோல்கீப்பர் வான் பிரூகெலன் தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் ஆட்டம் 1–2 என்று திரும்பியிருக்கும். நாம் இன்று வேறு கதையைப் பேசிக்கொண்டிருப்போம்.

பழைய ஆட்டங்கள் எழுதியது:

பெனால்டிபெட்டி அவர்கள் லியோனைக் குறிப்பிட்டதால் அதற்கு விடை தருகிறேன். 1986 ஜூன் 15 அன்று நடந்த அந்த ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தவர்கள், கோல்கீப்பர்மேல் முதல் விரலை நீட்ட மாட்டார்கள் என்று நம்புகிறேன். சோவியத் அணி அதற்கு முன் ஹங்கேரியை 6–0 என வீழ்த்தி, பிரான்ஸோடு 1–1 எனச் சமன் செய்து, குழுவில் முதலிடம் பெற்று வந்திருந்தது. பெலானோவ் அடித்த கோலால் முன்னிலையும் பெற்றது. ஆனால் லோபனோவ்ஸ்கியின் திட்டப்படி அணி முழுவதும் மேலே ஏறி நின்றதால் பின்னால் அகன்ற வெற்றிடம் கிடந்தது. பெல்ஜியம் அதைத்தான் பயன்படுத்தியது. ஷீஃபோ கோல் அடித்தபோது அவரருகே யாருமில்லை. 77ஆம் நிமிடத்தில் குலெமன்ஸ் அடித்த கோல் ஆஃப்சைடு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. டெமோல் தலையால் ஒன்று அடித்தார், கிளேசன் ஒன்று அடித்தார். பெலானோவ் மூன்று கோல் போட்டும் அணி 3–4 என வெளியேறியது. தடுப்பாட்டம் குலைந்துபோன ஓர் அணிக்குப் பின்னால் நின்றவரிடம் நான்கு கோல்களுக்கும் கணக்குக் கேட்பது முறையாகாது.

அந்த உலகக் கோப்பையிலேயே நடுக்களம் சொன்ன வாதத்துக்கு மிகப் பலமான சான்றும் இருக்கிறது. போட்டிக்குச் சில வாரங்கள் முன்புதான் லோபனோவ்ஸ்கி பொறுப்பேற்றார். ஏறக்குறைய தம் கீவ் அணியையே தேசிய அணியாக மாற்றினார். அந்த ஆண்டு மே மாதத்தில் டைனமோ கீவ் அத்லெதிகோ மத்ரிதை 3–0 என வென்று ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. அந்த இறுதிப்போட்டியில் கோல் காத்தவர் விக்தர் சானோவ்; அவரும் மெக்சிகோ போன அணியில் இருந்தார். தம்முடைய கிளப்பின் வெற்றிக் கோல்கீப்பர் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது, பகைமுகாமான ஸ்பார்தக்கின் தசாயெவை முதல் கோல்கீப்பராக லோபனோவ்ஸ்கி வைத்துக்கொண்டார். கனடாவுக்கு எதிரான ஆட்டத்தை மட்டும் சானோவுக்குக் கொடுத்தார். 1988இலும் கீவ் வீரர்கள் நிறைந்த அதே அணிக்குத் தசாயெவ்தான் கேப்டன். ஸ்பார்தக் மீது லோபனோவ்ஸ்கிக்குத் தனி அன்பு ஏதும் கிடையாது. அவர் பார்த்தது திறனை மட்டும்தான்.

இடதுகால் எழுதியது:

இந்த இழை தொடங்கியதற்கு நன்றி. தசாயெவின் உலகக் கோப்பை ஆட்டங்களைத்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். ஸ்பார்தக்கில் அவர் எப்படி ஆடினார்? பெஸ்கோவின் ஆட்டமுறையில் கோல்கீப்பருக்கு என்று ஏதேனும் தனிப் பங்கு இருந்ததா? இதை யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நடுக்களம் எழுதியது:

பங்கு இருந்தது, அதுவும் பெரிய பங்கு. பெஸ்கோவின் ஸ்பார்தக், பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிட்டு அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்கும் அணி அல்ல. செரெங்கோவும் கவ்ரீலோவும் நடுக்களத்தில் சின்னச் சின்னப் பாஸ்களால் எதிரணியைப் பிரித்தெடுப்பார்கள். அதற்குப் பந்து அவர்கள் காலுக்குத் துல்லியமாகவும் விரைவாகவும் வர வேண்டும். தசாயெவ் கிராஸை இரு கைகளாலும் பிடித்ததும் தரையில் புரண்டு நேரம் கடத்த மாட்டார். இறங்கும்போதே தலையை உயர்த்தி, வலக்கையைப் பின்னால் இழுத்து, ஓடத் தொடங்கிவிட்ட சகவீரரின் பாதைக்கு முன்னால் பந்தை எறிவார். எதிரணியின் நான்கைந்து பேர் கார்னருக்காக மேலே ஏறியிருக்கும்போது அந்த ஒரே எறிதல் அவர்கள் அனைவரையும் ஆட்டத்திலிருந்து அகற்றிவிடும். கோல்கீப்பர் தாக்குதலின் முதல் ஆள் என்று இன்று சொல்கிறார்களே, அதை அவர் 1980களின் தொடக்கத்திலேயே கைகளால் செய்து காட்டினார். பின்னாளைய கோல்கீப்பர்கள் காலால் செய்வதை அவர் கையால் செய்தார் என்பதுதான் வேறுபாடு.

1982 செப்டம்பரில் ஸ்பார்தக், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையில் அர்செனலை மாஸ்கோவில் 3–2 எனவும், பின்பு லண்டன் ஹைபரியில் 5–2 எனவும் வென்றது. தோற்ற அணியின் ரசிகர்களே அன்று ஸ்பார்தக்கைக் கைதட்டிப் பாராட்டினார்கள். அந்த ஆண்டின் சிறந்த சோவியத் கால்பந்து வீரராகத் தேர்வானவர் தசாயெவ். ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கு ‘ஓகோன்யோக்’ இதழ் வழங்கிய பரிசை 1980க்கும் 1988க்கும் இடையில் ஆறு முறை பெற்றார். லீகில் மட்டும் மனம் நோகும் நிலை தொடர்ந்தது: 1980, 1981, 1983, 1984, 1985 என ஐந்து முறை ஸ்பார்தக் இரண்டாமிடத்தில் நின்றது. 1987இல்தான் தசாயெவின் காலத்தில் இரண்டாம் முறையாகப் பட்டம் வந்தது.

அதே யுஇஎஃப்ஏ கோப்பையின் அடுத்த சுற்றைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. 1982 அக்டோபர் 20, லுஷ்னிகி அரங்கில் நெதர்லாந்தின் ஹார்லெம் அணிக்கு எதிரான ஆட்டம். கடுங்குளிர், படிக்கட்டுகளில் பனி உறைந்து வழுக்கியது. ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே பகுதியில் அமரவைக்கப்பட்டு, ஒரே வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது நெரிசல் ஏற்பட்டது. கிட்டத்தட்ட அதே வேளையில், ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஷ்வெத்சோவ் ஸ்பார்தக்கின் இரண்டாவது கோலை அடித்தார். அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 66 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பதின்வயதினர். ஒரு மாலைச் செய்தித்தாளில் வந்த சில வரிகளைத் தவிர நாட்டில் யாருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. 1989இல்தான் அந்த மரணங்கள் பற்றிய விவரம் சோவியத் பத்திரிகையில் வெளியானது. அன்று களத்தில் நின்ற தசாயெவும் அவருடைய அணியினரும் அடுத்தடுத்த ஆட்டங்களை ஆடத்தான் வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையின் ஆட்டத்தைப் பேசும்போது அவர்கள் சுமந்த இந்தச் சுமையையும் நாம் சேர்த்தே பேச வேண்டும்.

பெனால்டிபெட்டி எழுதியது:

ஸ்பார்தக் பற்றிய விளக்கம் மிக நன்று. அந்த எறிதலைப் பற்றி நான் மறுக்க எதுவுமில்லை. ஆனால் யாஷின் ஒப்பீட்டில் என் நிலையைத் தெளிவாக்க விரும்புகிறேன். லெவ் யாஷின் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் தங்கம் வென்றார், 1960இல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார், 1963இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது பெற்றார். இன்றுவரை அந்த விருதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் அவர்தான். தசாயெவுக்கு 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் வெண்கலமும் 1988 யூரோவின் இரண்டாமிடமும்தான் சர்வதேசக் கணக்கு. பெயர் நிலைப்பது பட்டங்களால்தான் என்ற கசப்பான உண்மையை நாம் ஏற்கத்தான் வேண்டும்.

பழைய ஆட்டங்கள் எழுதியது:

பெயர் நிலைப்பது பட்டத்தால் என்பது உண்மையாக இருக்கலாம். தரத்தை அளப்பதற்குப் பட்டம் போதாது. யாஷின் தேசிய அணிக்கு ஆடியது 74 ஆட்டங்கள், தசாயெவ் 91. சோவியத் வரலாற்றில் அவரைவிட அதிகம் ஆடியவர் 112 ஆட்டங்கள் ஆடிய ஓலெக் புலோகின் ஒருவர் மட்டுமே. மேலும், வாய்ப்புகள் கைநழுவிய விதத்தையும் பாருங்கள். 1982இல் இரண்டாம் சுற்றில் பெல்ஜியத்தை 1–0 என வென்று, போலந்தோடு 0–0 எனச் சமன் செய்தார்கள். அந்தச் சுற்றில் தசாயெவ் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஆனால் பெல்ஜியத்தை 3–0 என வென்றிருந்த போலந்து கோல் வித்தியாசத்தால் அரையிறுதிக்குப் போனது. 1983 நவம்பரில் லிஸ்பனில், பெட்டிக்கு வெளியே நடந்த தவறுக்குக் கொடுக்கப்பட்ட பெனால்டியை ஜோர்தாவ் கோலாக்க, போர்ச்சுகலிடம் 0–1 எனத் தோற்று 1984 யூரோ வாய்ப்பு போனது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை நாடே புறக்கணித்தது. ஒரு கோல்கீப்பரின் வாழ்வில் 25 முதல் 29 வயதுவரை பொன்னான காலம். அந்த ஆண்டுகள் அவருக்கு இப்படித்தான் கழிந்தன.

இடதுகால் எழுதியது:

அப்படியானால் ஸ்பெயினுக்குப் போனபின் ஏன் அந்த உயரம் நிற்கவில்லை? 1988இல் உலகின் சிறந்தவர். 1991இல் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். இவ்வளவு குறுகிய காலத்தில் என்ன நடந்தது?

நடுக்களம் எழுதியது:

1988 வரை சோவியத் வீரர் ஒருவர் மேற்கு ஐரோப்பியக் கிளப்பில் ஆடுவது மிக அரிது. அந்த ஆண்டில்தான் கதவு திறந்தது. சவாரோவ் யுவெந்தஸுக்கும், ஹிதியாத்துல்லின் துலூஸுக்கும், தசாயெவ் செவில்லாவுக்கும் சென்றார்கள். இங்கே என்னை எப்போதும் நெகிழவைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1982 ஜூன் 14 அன்று அவர் தம் முதல் உலகக் கோப்பை ஆட்டத்தில் பிரேசிலை எதிர்த்து நின்றது செவில்லா கிளப்பின் சான்செஸ் பிஸ்ஹுவான் அரங்கில்தான். ஆறு ஆண்டுகள் கழித்து அதுவே அவருடைய சொந்த அரங்கமானது. செவில்லா மக்கள் அவருக்கு ‘ரஃபாயே’ என்று தங்கள் பாணியில் ஒரு செல்லப் பெயரும் வைத்தார்கள்.

அங்கே போகும்போது அவருக்கு வயது 31. மொழி புதிது, பயிற்சி முறை புதிது, பத்தாண்டுகளாகப் பழகிய தடுப்பு வரிசை முன்னால் இல்லை. ஸ்பானிய லீகில் மொத்தம் 59 ஆட்டங்கள் ஆடினார். வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. தோனி போல்ஸ்தர் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்தார், 1990இல் இவான் சமோரானோவும் வந்து சேர்ந்தார். கோல் அடிப்பவருக்கும் கோல் காப்பவருக்கும் இடையில் ஒரு இடத்தை ஒதுக்க வேண்டுமென்றால் எந்தக் கிளப்பும் முன்னவரைத்தான் தேர்ந்தெடுக்கும். கோல் காக்க உள்நாட்டு வீரர் உன்சுவே கிடைத்தார். தசாயெவ் மெல்ல ஓரங்கட்டப்பட்டார். அதே நகரில் அவருடைய கார், பழைய புகையிலைத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள அகழிக்குள் விழுந்த விபத்தும் நடந்தது.

1990 உலகக் கோப்பை பற்றிப் பெனால்டிபெட்டி சொன்னதில் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன். ஜூன் 9 அன்று பாரியில் நின்றவர் பழைய தசாயெவ் அல்லர். 33 வயது நிறைய நான்கு நாட்கள் இருந்தன, கிளப்பில் நிம்மதியும் இல்லை. ருமேனியாவின் லகடுஷ் அடித்த முதல் கோலை 1982இன் தசாயெவ் தடுத்திருப்பார் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இரண்டாவது கோலுக்கான பெனால்டி, ஹிதியாத்துல்லினின் கையில் பெட்டிக்கு வெளியே பந்து பட்டதற்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆட்டத்தில் லோபனோவ்ஸ்கி உவாரோவை இறக்கினார். அர்ஜென்டினாவிடம் அதே 0–2 முடிவுதான் கிடைத்தது. கோல்கீப்பரை மாற்றியதால் அந்த அணி மீளவில்லை. நாடே கலைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை; அந்த அணியும் அப்போது உள்ளுக்குள் தளர்ந்திருந்தது.

வலைக்காவலன் எழுதியது:

கோல்கீப்பிங் கற்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் ஆட்டம் 1982இன் பிரேசில் ஆட்டம்தான். 34ஆம் நிமிடத்தில் சோவியத் வீரர் பால் தொலைவிலிருந்து அடித்த பந்தைப் பிரேசில் கோல்கீப்பர் வால்திர் பெரெஸ் தவறவிட, சோவியத் அணி முன்னிலை பெற்றது. அதன்பின் 75ஆம் நிமிடம்வரை சாக்ரடீஸ், ஜிகோ, ஃபால்காவ், எதெர் எல்லோரும் மாறி மாறி மோதினார்கள். அந்த நாற்பது நிமிடங்களில் தசாயெவின் கால்களைக் கவனியுங்கள். பாய்வதற்கு முன்பே இரண்டு சிறிய எட்டுகளில் சரியான இடத்துக்கு வந்துவிடுவார். அதனால்தான் கடினமான பந்துகள்கூட அவரிடம் எளிதாகத் தெரிகின்றன. பிறகு சாக்ரடீஸ் இருவரை விலக்கிவிட்டு மேல் மூலைக்குள் அடித்ததையும், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஃபால்காவ் காலை விரித்துப் பந்தை விட்டுவிட எதெர் அதைத் தூக்கி அறைந்ததையும் பாருங்கள். இரண்டாவதில் அவர் அசையாமல் நின்றதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஃபால்காவின் ஏமாற்றால் பந்து எந்த ஆளிடமிருந்து வரும் என்பதே தெரியாத நிலை அது. தெரிந்தபோது பந்து வலைக்கு அருகில் இருந்தது.

பெனால்டிபெட்டி எழுதியது:

அந்த ஆட்டத்தை இந்த வாரம் முழுமையாகப் பார்க்கிறேன். பார்த்தபின் லியோன் ஆட்டத்தின் இரண்டாவது கோலைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேட்பேன். குலெமன்ஸ் ஆஃப்சைடா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த நீண்ட பந்து வந்தபோது தசாயெவ் பெட்டியின் விளிம்புவரை வந்திருக்க வேண்டுமா என்பதில்தான் எனக்கு வலைக்காவலன் அவர்களின் கருத்து வேண்டும்.

வலைக்காவலன் எழுதியது:

என் கருத்தில் வந்திருக்கக் கூடாது. குலெமன்ஸ் பந்தை நெஞ்சில் வாங்கி இறக்கியபோது அவர் ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தார். தசாயெவ் விளிம்புக்கு ஓடியிருந்தால் பந்து அவரைத் தாண்டித்தான் விழுந்திருக்கும். தடுப்பாட்டக்காரர்கள் கொடி உயரும் என்று நம்பி நின்றுவிட்டதுதான் அங்கே பிழை. நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள், நிமிடவாரியாகப் பேசலாம்.